நிட்டிங் பழகிய கைக்கு எந்தக் குரோஷா ஊசி? மூன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தேன்

நிட்டிங் இரண்டு நீள ஊசியில் பின்னுவது, குரோஷா முனையில் கொக்கி உள்ள ஒரே ஊசியில் பின்னுவது. என் பின்னல் பையில் 40 வருடமாக ஒரு குரோஷா ஊசி இருக்கிறது. அதில் நான் ஒரு செயின்கூட, அதாவது சங்கிலி மாதிரி வரும் முதல் கண்ணிகூட, போட்டதில்லை. ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு கண்ணி நழுவி நாலைந்து வரிசை கீழே இறங்கிவிட்டால், அதைப் படிப்படியாக மேலே ஏற்றிக் கொண்டுவர மட்டும்தான் அந்தக் கொக்கி. நிட்டிங் செய்கிறவர்கள் பலர் வீட்டில் இப்படி ஒன்று இருக்கும்.

நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அம்மா நாலு மணிக்கே விளக்கைப் போட்டுவிட்டு ஊசியைக் கையில் எடுத்துவிடுவார். எனக்கு 9 வயதில் மஃப்ளர் போடச் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் ஸ்வெட்டர், சாக்ஸ், குழந்தைத் தொப்பி என்று கை நிற்கவே இல்லை. குரோஷா மட்டும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. அது டிவி கவருக்கும் மேசை விரிப்புக்கும் ஆனது, குளிருக்கு உதவாது என்று ஒரு எண்ணம்.

இந்த வருடம் பெங்களூரிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். “சித்தி, எல்லாரும் நூல்ல முயல் பொம்மை பண்றாங்களே, நீங்க எனக்கு ஒண்ணு போட்டுத் தாங்களேன்” என்றாள். அமிகுருமி என்று ஜப்பானியர் சொல்லும் அந்தப் பொம்மைகளை நிட்டிங்கிலும் செய்யலாம். ஆனால் அவள் அனுப்பிய படத்தில் இருந்தது குரோஷா முயல். இன்னொரு காரணமும் இருந்தது. ஒரு வருடமாக என் வலது கட்டைவிரல் அடியில் வலி. நீள ஊசியில் போர்வை பின்னும்போது மொத்தப் பாரமும் மணிக்கட்டில் விழுகிறது. குரோஷாவில் ஊசி சின்னது, பாரம் மடியில் கிடக்கும். சரி, கற்றுக்கொண்டு விடலாம் என்று இறங்கினேன்.

ஒன்றரை மாதத்தில் 3 விதமான ஊசிகள் வாங்கினேன். ஏற்கெனவே நிட்டிங் தெரிந்தவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நூலையே முதல்முறையாகத் தொடுகிறவர்களுக்கு இடறும் இடங்கள் வேறு.

முதலில் வாங்கியது ஆன்லைனில் ஒரு 14 ஊசி செட். 2 மி.மீ. முதல் 10 மி.மீ. வரை, கலர் கலராக ரப்பர் பிடி, ஜிப் வைத்த பை, கத்தரி, கண்ணியில் அடையாளத்துக்கு மாட்டும் குறிவளையம், தையல் ஊசி எல்லாம் சேர்த்து 450 ரூபாய். பார்க்க ஆசையாக இருந்தது. யார் விற்றார்கள் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இதே செட் பத்துப் பெயர்களில் விற்கிறது. கொக்கியின் தலையில், அச்சில் வார்த்த இடத்தில், மெல்லிய கோடு ஒன்று துருத்திக்கொண்டு இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் வருடினால் தெரியும். ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நுழைந்து வெளியே வரும்போது நூலின் ஒரு இழையை அது பிடித்து இழுத்தது. என் நிட்டிங் ஊசிகளை அளக்கும் துளைப் பலகையில் விட்டுப் பார்த்தேன். 4 மி.மீ. என்று போட்டிருந்த ஊசி 3.75 துளைக்குள் இலகுவாகப் போனது. பத்து நாளில் பிடியில் இருந்த எண் அழிந்தும் விட்டது. 14 ஊசியில் நான் தொட்டது மூன்றே மூன்று. குறிவளையங்கள் மட்டும் நன்றாக உழைக்கின்றன.

இரண்டாவது, ஊரிலேயே ஒரு ஃபேன்சி கடையில் வாங்கிய சாதாரண அலுமினிய ஊசி. 4 மி.மீ., விலை 90 ரூபாய். பிடி எதுவும் கிடையாது. நடுவில் கட்டைவிரல் வைக்க ஒரு தட்டையான இடம், அதில் அளவு பொறித்திருக்கும். தலை வழவழப்பாக, சுத்தமாக இருந்தது. அந்த 450 ரூபாய் செட்டைவிட வேலை பத்து மடங்கு நன்றாக வந்தது. ஆனால் அரை மணி நேரம் போட்டால் கட்டைவிரல் வலி கிளம்பிவிடும். மெல்லிய தண்டை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதுதான் காரணம். விரல் வலி இல்லாதவர்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாவது, ஜப்பான் கம்பெனி க்ளோவர் செய்யும் அமூர் ஊசி. இதுவும் 4 மி.மீ. ஒரே ஒரு ஊசிக்கு 700 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். வாங்க மனசு வராமல் இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன். அலுமினியத் தலை, மிருதுவான தடித்த பிடி, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம். முதல் வரிசை போட்டதுமே என்ன வித்தியாசம் என்று புரிந்துவிட்டது. பிடி தடியாக இருப்பதால் விரல்கள் மடங்காமல் தளர்வாக நிற்கின்றன. கொக்கி கண்ணிக்குள் போவதும் தெரியவில்லை, வருவதும் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து போட்டேன், கட்டைவிரல் அமைதியாக இருந்தது. தோழி ஒருத்தி இன்னொரு ஜப்பான் ஊசியான டியூலிப் எடிமோ வைத்திருக்கிறாள். அதையும் ஒரு மாலை வாங்கிப் போட்டேன். அதுவும் அருமையான சாமான். இரண்டில் எது கிடைத்தாலும் வாங்குங்கள்.

ஊசியின் விலையைவிட முக்கியமான ஒன்று உண்டு. அது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. அதைப் புரிந்துகொண்டால் 90 ரூபாய் ஊசியிலும் நல்ல வேலை வரும்.

நிட்டிங் ஊசி முனையைத் தவிர எல்லா இடத்திலும் ஒரே பருமன். நாம் வேலை செய்வது முனையில், பருமனைக் கணக்குக்குக் கொண்டுவருவது தண்டு. இது யோசிக்காமலே நடந்துவிடும். குரோஷா ஊசியில் தலை, அதற்குக் கீழே ஒடுங்கிய கழுத்து, அதற்கும் கீழேதான் முழுப் பருமனுள்ள தண்டு. கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது அந்தத் தண்டு மட்டும்தான். நிட்டிங் பழகிய கை என்ன செய்கிறது என்றால், முனையிலேயே வேலையை முடித்துவிடப் பார்க்கிறது. வளையம் ஒடுங்கிய கழுத்திலேயே உருவாகி இறுகிவிடும். அடுத்த வரிசையில் கொக்கியை உள்ளே நுழைக்கவே முடியாது. “எனக்குக் கை இறுக்கம்” என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இறுக்கம் கையில் இல்லை, வளையம் நின்ற இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நூலை இழுத்த பிறகு வளையத்தைக் கொஞ்சம் கீழே தள்ளித் தண்டில் உட்கார வைத்து, அப்புறம் அடுத்ததற்குப் போக வேண்டும். இதைச் செய்த அன்றே என் துணி மடங்கத் தொடங்கியது. அதற்கு முன்னால் அட்டை மாதிரி விறைத்து நின்றது.

வாங்கும்போதும் இந்தக் கழுத்தைப் பாருங்கள். சில ஊசிகளில் தலையும் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும், கொக்கி வெட்டு மட்டும் உள்ளே ஆழமாகப் போகும். அமெரிக்காவின் சூசன் பேட்ஸ் ஊசிகள் இந்த வகை. பாய் (Boye) என்ற இன்னொரு அமெரிக்க ஊசியில் கழுத்து சரிவாக ஒடுங்கி வரும். அமூர் இந்த இரண்டுக்கும் நடுவில். நிட்டிங்கிலிருந்து வருகிறவர்களுக்கு நேர்க்கோட்டு வகையோ நடுத்தர வகையோதான் எளிது. கழுத்து நீளமாக ஒடுங்கும் ஊசி நம்முடைய பழைய பழக்கத்தை இன்னும் வளர்த்துவிடும்.

அடுத்து இடது கை. எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் நிட்டிங்கில் நூலை வலது கையால் சுற்றிப் போடுவோம். குரோஷாவில் நூல் இடது கையில், ஊசி வலது கையில். நூலை எப்போதுமே பிடிக்காத கைக்கு 58 வயதில் நூல் பிடிக்கச் சொல்லித் தருவது லேசான காரியம் இல்லை. சுண்டுவிரலில் ஒரு சுற்று, நடு இரண்டு விரல்களுக்கு அடியில் விட்டு, ஆள்காட்டி விரல் மேல் ஏற்றி, அந்த விரலைத் தூக்கிப் பிடிப்பது எனக்குப் பொருந்தியது. நூல் ரொம்ப வழுக்கினால் சுண்டுவிரலில் இரண்டு சுற்று. இரண்டு நாள் வெறும் செயின் மட்டும் போட்டேன். ஒரு பந்து முழுவதும் செயினாகப் போய், பிரித்துச் சுற்றி, மறுபடியும் செயின். மூன்றாம் நாள் ஆள்காட்டி விரல் தானாக நூலை விட்டுக் கொடுக்கத் தொடங்கியது. இடது கையில் நூல் பிடித்து நிட்டிங் செய்யும் ஐரோப்பிய முறை தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு நாள் மிச்சம்.

வேலையைத் தொடங்கும் அடி செயின் இறுகினால், அதற்கு மட்டும் ஒன்றிரண்டு அளவு பெரிய ஊசி எடுங்கள். நான் செயினுக்கு 5 மி.மீ., மேல் வரிசைகளுக்கு 4 மி.மீ. வைத்துக்கொண்டேன்.

நூல் விஷயத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். ஸ்வெட்டரில் மிஞ்சிய கருநீல உல்லன் நூலில் ஆரம்பித்தேன், ரோமம் எழும் வகை. கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நிட்டிங்கில் கண்ணிகள் எல்லாம் ஊசியில் வரிசையாக நிற்பதால் கருப்பு நூலில்கூட விரலால் தடவிப் பின்னிவிடலாம். குரோஷாவில் அடுத்த கண்ணியை ஒவ்வொரு முறையும் துணியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வெளிர் நிறம், முறுக்கு நன்றாக உள்ள, நடுத்தரப் பருமனான 8 ப்ளை காட்டன் அல்லது அக்ரிலிக் வாங்குங்கள். நான் இளமஞ்சள் காட்டனுக்கு மாறினேன், அந்த நிமிடமே எல்லாம் தெரிந்தது.

அப்படித் தெரிந்தபோதுதான் இன்னொன்றும் புரிந்தது. நிட்டிங் துணியில் ஆங்கில ‘வி’ எழுத்து நம்மைப் பார்த்தபடி ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். குரோஷாவில் அதே வி வரிசையின் மேல் விளிம்பில் படுத்துக் கிடக்கிறது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் சடை பின்னியது போலத் தெரியும். கொக்கி அந்தச் சடையின் இரண்டு இழைகளுக்கும் அடியில் போக வேண்டும். நான் நாலு நாள் முன் இழைக்கு மட்டும் அடியில் விட்டுக்கொண்டிருந்தேன். துணி வரி வரியாக வந்தது, அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறு பின்னல்.

20 கண்ணியில் ஆரம்பித்த சதுரம் ஒன்பதாவது வரிசையில் 14 கண்ணியாகி மேலே ஒடுங்கி நின்றது. நிட்டிங்கில் நாமாகக் குறைத்தால் ஒழியக் கண்ணி குறையாது, ஊசியில் இருப்பதை எல்லாம் பின்னித்தானே ஆக வேண்டும். குரோஷாவில் திரும்பும்போது போடும் செயின்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். குட்டைக் கண்ணிக்கு 1 செயின் போட்டுத் திரும்புவார்கள், அது கணக்கில் சேராது. உயரக் கண்ணிக்கு 3 செயின், அது வழக்கமாக முதல் கண்ணியாகக் கணக்கில் சேரும். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் குறிவளையம் மாட்டுங்கள். ஓரம் நேராகும் வரை இதை விடாதீர்கள்.

பெயர்க் குழப்பம் இன்னும் பெரியது. குட்டைக் கண்ணியை அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்கிறார்கள், அதைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் குரோஷே என்கிறார்கள். உயரக் கண்ணி அமெரிக்காவில் டபுள், பிரிட்டிஷில் ட்ரெபிள். நான் நிட்டிங் புத்தகங்கள் படித்துப் பழகியது பிரிட்டிஷ் முறையில். ஒரு குழந்தைத் தொப்பியின் அமெரிக்கப் பேட்டர்னை எந்த நாட்டு முறை என்று பார்க்காமல் பிரிட்டிஷ் முறையில் போட்டு, பாதி உயரத்தில் இறுகி வந்தது, முழுவதும் பிரித்தேன். பேட்டர்னில் சிங்கிள் குரோஷே என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. ஊசி அளவிலும் மி.மீ. கணக்கை மட்டும் பாருங்கள். அம்மாவின் 8ஆம் நம்பர் நிட்டிங் ஊசி 4 மி.மீ., 10ஆம் நம்பர் 3.25 மி.மீ., நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் குரோஷா எழுத்துகளில் ஏறினால் தடிக்கும். லேஸ் போடும் இரும்பு ஊசிகளில் மறுபடியும் நம்பர் ஏறினால் மெலியும்.

பிரிப்பதில் குரோஷா எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உயிரோடு இருப்பது ஒரே ஒரு வளையம். ஊசியை உருவிவிட்டு, இழுத்து, வேண்டிய இடத்தில் நிறுத்தி மறுபடியும் கொக்கியை மாட்டினால் போதும். 120 கண்ணியைத் திரும்ப ஊசியில் கோக்கிற வேதனை இல்லை. சமையலறையில் குக்கர் விசில் வந்தால் அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகலாம். ஆனால் கீழே பத்து வரிசைக்கு முன்னால் ஒரு தப்பு என்றால், நிட்டிங் மாதிரி அந்த ஒரு கண்ணியை மட்டும் இறக்கிச் சரிசெய்து ஏற்ற வழி கிடையாது. அதுவரை எல்லாவற்றையும் பிரிக்கத்தான் வேண்டும்.

நூல் செலவையும் அளந்து பார்த்தேன். ஒரே நூல், ஒரே 4 மி.மீ. அளவு, 15 செ.மீ. சதுரம் இரண்டு. நிட்டிங் சதுரம் சமையலறைத் தராசில் 8 கிராம், குரோஷா 11 கிராம். துணியும் அந்த அளவுக்குத் தடிமன். ஸ்வெட்டருக்கு நான் இன்னும் நிட்டிங்தான். உடம்போடு இழைந்து நீண்டு சுருங்குவது அதில்தான். போர்வை, பை, பொம்மை, ஓரப் பட்டை இதற்கெல்லாம் குரோஷா.

நான் பழகுவதைப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, “இதெல்லாம் பழைய காலத்து டிவி கவர் வேலைதானே” என்றார். சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற பெண்கள் குழு 2016 ஜனவரியில் 11,000 சதுர மீட்டருக்கும் மேலான போர்வையைச் சேர்த்து கின்னஸ் சாதனை செய்ததை அவருக்குச் சொன்னேன். துண்டு துண்டாகப் பலர் போட்டு அனுப்பிச் சேர்த்தது. இன்னொன்றும் சொன்னேன். நிட்டிங்குக்கு 1589லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ இயந்திரம் கண்டுபிடித்துவிட்டார், இன்று திருப்பூர் பனியன் முழுக்க அந்த வழியில் வந்ததுதான். குரோஷா மெஷின் என்ற பெயரில் லேஸ் பட்டை போடும் இயந்திரங்கள் உண்டு, ஆனால் அவை போடுவது வேறு பின்னல். கடையில் 300 ரூபாய்க்கு அசல் குரோஷா சட்டை தொங்கினால், ஒரு பெண் பல மணி நேரம் உட்கார்ந்து கையால் போட்டது அது. அவளுக்கு அதில் என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

முயலுக்கு வருகிறேன். வட்டமாகப் பின்ன நிட்டிங்கில் எனக்கு 4 ஊசி வேண்டும், இதில் ஒரே ஊசி. நூலால் ஒரு வளையம் செய்து அதில் 6 கண்ணி, அடுத்த சுற்றில் 12, அப்புறம் 18, 24 என்று ஆறு ஆறாக ஏற்றினால் தட்டையான வட்டம் கிடைக்கிறது. ஏற்றுவதை நிறுத்தினால் அது கிண்ணமாக எழுகிறது. என் கையில் உருண்டை திரண்டு வந்த அந்த முதல் சாயங்காலம் எழுந்து விளக்குப் போடக்கூட மறந்துவிட்டேன். பொம்மைக்கு மட்டும் நூல் உறையில் சொல்லும் அளவைவிடச் சின்ன ஊசி எடுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே அடைத்த பஞ்சு கண்ணி இடுக்கில் வெளியே தெரியும். 8 ப்ளை நூலுக்கு நான் 3 மி.மீ. வைத்தேன். அதுவும் அமூர்தான், அந்தப் பிடிக்குப் பழகிவிட்டேன். கண்களுக்கு பிளாஸ்டிக் மணி வேண்டாம் என்று கருப்பு நூலாலேயே தைத்தேன். வாயில் வைக்கும் குழந்தைக்குப் பிய்ந்து வருகிற எதுவும் ஆகாது.

என்ன வாங்கலாம் என்று என் கணக்கு: 14 ஊசி செட் வேண்டாம். முதலில் வழவழப்பான தலையுள்ள 4 மி.மீ. அலுமினிய ஊசி ஒன்று, வெளிர் நிற 8 ப்ளை நூல் 2 பந்து. 200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே போகும். இரண்டு வாரம் போட்டுப் பிடித்திருந்தால், அல்லது விரல் வலி இருந்தால் முதல் நாளே, மிருதுவான பிடியுள்ள ஊசி. குறிவளையம் கட்டாயம், சேஃப்டி பின் போதும்.

முயல் போன வாரம் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது மடியில் கிடப்பது அம்மாவின் சாம்பல் நிறக் கார்டிகன், அவர் கடைசியாகப் பின்னியது. முன்பட்டை போடாமலே விட்டுப் போனதால் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டே இருந்தது. நிட்டிங்கில் அந்தப் பட்டையை எடுக்க எனக்கு இத்தனை வருடம் தைரியம் வரவில்லை. 3 மி.மீ. கொக்கியால் ஓரக் கண்ணிகளில் குட்டைக் கண்ணி போட்டுக்கொண்டு வருகிறேன், சுருள் நிமிர்ந்து படிகிறது. கீழிருந்து இரண்டாவது பட்டன் வரும் இடம் வரை வந்தாயிற்று.